எல்லாம் சரியா இருக்கு, சார்

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டாம் எண் ஆவி மிஷின் இன்றும் ஈரமாகத்தான் கக்கியது. ஆபரேஷன் கருவிகள் பதினாறு செட் வைத்ததில் ஐந்து ஈரம். சுற்றிய துணியைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மேலே ஒட்டிய டேப்பில் மட்டும் கறுப்பு வரி அழகாக விழுந்திருக்கிறது. சூடு ஏறியதா இல்லையா என்பதுதான் டேப்புக்குத் தெரியும், ஈரம் தெரியாது. ஈரத்துணி வழியாக வெளிக்கிருமி உள்ளே போய்விடும். ஐந்தையும் பிரித்து, புதுத்துணியில் மடித்து, ஒன்றாம் எண்ணில் மறுபடி போட்டேன். அரை நாள் போயிற்று.

எங்கள் இன்சார்ஜ் போன வாரம் ஓய்வு பெற்றார். இனி மாதாமாதம் நடக்கும் தொற்றுத் தடுப்புக் கூட்டத்தில் எங்கள் பிரிவுக்காக நான் பேச வேண்டுமாம். உத்தரவு வந்துவிட்டது. நாற்பது பேர் முன்னால், எழுந்து நின்று, ஐந்து நிமிடம். பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கத்தியும் கத்தரியும் கழுவி, மடித்து, ஆவியில் வைத்து, மேலே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கத்தரிக்கோல் யாரையும் எழுந்து நின்று பேசச் சொல்லாது. அதற்காகத்தானே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்?

ரேடியோவுக்கு ஒரே குஷி. என்னோடு வேலை பார்க்கிறவன். வாயை மூடவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். "அஞ்சு நிமிஷம் ஒரு விஷயமாக்கா? நான்லாம் அஞ்சு நிமிஷத்துல வணக்கத்தையே முடிக்க மாட்டேன்" என்றான். அப்போ நீயே போடா என்றேன். சீனியாரிட்டி இல்லையாம். இதற்கு மட்டும் சீனியாரிட்டி.

பிப்ரவரி 7, வெள்ளி

மிஷின் பார்க்கும் இன்ஜினியரிடம் நான்காவது தடவையாக எழுதிக் கொடுத்தேன். "மேடம், இதைக் கூட்டத்துல சொல்லுங்க. பெரிய டாக்டர் தலையாட்டினாத்தான் நான் மிஷின நிறுத்த முடியும்" என்றார். எழுதிக் கொடுத்தது போதாதா என்று கேட்டேன். "எழுதினத எல்லாம் யாரு மேடம் படிக்கிறா?"

பிப்ரவரி 12, புதன்

நேற்று முழுக்க இதே நினைப்பு. எப்போதிலிருந்து இப்படி?

படிப்பு முடிந்து வாய்மொழித் தேர்வு நடந்ததே, அதுதான் ஞாபகம் வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஆவிக்கலனில் என்ன அழுத்தம், எத்தனை நிமிடம் என்று கேட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று "தெரியாது சார்" என்றேன். அடுத்த கேள்வி. "தெரியாது சார்." ஏழு கேள்விக்கும் அதே பதில். தெரியாததால் இல்லை. எதைச் சொன்னால் சீக்கிரம் வெளியே விடுவார்கள் என்று பார்த்தேன், இருப்பதிலேயே சின்னதாக அதுதான் கிடைத்தது. எழுத்துத் தேர்வில் முதல் மார்க் வாங்கியதால் பாஸ் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படியே. பிடிச்சிருக்கா என்றதும் "ம்". பிடித்துத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

ஆக, நான் பயந்தாங்கொள்ளி மட்டும் இல்லை. சின்ன வார்த்தையாகத் தேடிப் பிடித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆள்.

பிப்ரவரி 17, திங்கள்

எழுத வேண்டும். எழுதிவிட்டுத்தான் இன்று சாப்பாடு.

மூன்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஈரமான செட் எத்தனை, எந்தத் தேதி, மிஷினை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும், எல்லாம். நீள மேசை, சுற்றிலும் நாற்காலி, முன்னால் மைக். எனக்கு முன் சமையல்கூடத்து ஆள் பேசினார். அடுத்தது நான் என்று தெரிந்ததும் காது அடைத்துவிட்டது. எழுந்தேன். தாள் ஆடுகிறது. தாள் ஆடுவதை எதிரில் இருந்த மயக்க மருந்து டாக்டர் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. கண்காணிப்பாளரான பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்கம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

நான் சொன்னேன்: "எல்லாம் சரியா இருக்கு, சார்."

உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நாலு வார்த்தை. "வெரி குட், இப்படித்தான் சுருக்கமா இருக்கணும்" என்று பெரிய டாக்டர் எல்லாருக்கும் என்னை உதாரணம் காட்டினார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! பல்லைக் காட்டினேன்! அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உடம்பே இலேசாகிவிட்டது. அந்த நிம்மதிக்காகவே என்னை நானே அறைய வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்ஜினியர் என் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கூட்டத்துல எல்லாம் சரின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? அப்புறம் நான் என்னத்த நிறுத்துறது?" கடிதங்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பன்னிரண்டு ஆபரேஷன். தியேட்டரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். ஒன்றாம் எண் நிரம்பி வழிகிறது. இரண்டாம் எண்ணில் வந்ததில் மூன்று ஈரம். நான் பிரிக்கப் போனேன். ரேடியோ, "அக்கா, இத மறுபடி போட்டா ரெண்டு மணி நேரம். மேல ஆள மேசையில படுக்க வச்சுட்டு நிக்கிறாங்க. ஃபேன்ல காட்டினா காஞ்சிடும்" என்றான். மிஷினுக்கு மேலே வெதுவெதுப்பான இடத்தில் வைத்து ஃபேனைத் திருப்பிவிட்டான். காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது. ஈரமாக இருந்தபோது உள்ளே போனது காய்ந்தபின் வெளியே வந்துவிடுமா என்ன?

லேபிளில் கையெழுத்துப் போட்டேன். போட்டது நான்தான். ரேடியோ இல்லை.

மார்ச் 14, வெள்ளி

தொற்றுத் தடுப்பு நர்ஸ் ஒரு கோப்போடு கீழே வந்தார். நாலாம் வார்டில் ஒரு அம்மா. பித்தப்பை ஆபரேஷன். இரண்டு வாரம் ஆகியும் காயம் ஆறவில்லை, சீழ் வைத்துவிட்டது, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கழுவியிருக்கிறார்கள். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கிறேன். இந்த செட் இங்கருந்துதானே போச்சு?"

ஒவ்வொரு செட்டைப் பிரிக்கும்போதும் அதன் லேபிளை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். எந்தச் செட் யாருக்குப் போனது என்று பிற்பாடு கண்டுபிடிக்க. பதினெட்டு வருடமாக அந்த லேபிளில் கையெழுத்துப் போடுகிறேன், அது போய்ச் சேருகிற இடத்தை இன்றுதான் பார்த்தேன். பிப்ரவரி 27. இரண்டாம் எண். மூன்றாவது லோடு. என் கையெழுத்து, வால் நீட்டி.

"டேப் கறுத்திருந்துச்சா?" கறுத்திருந்தது. "லோடு பதிவேட்டுல ஏதும் குறை இல்லையே?" இல்லை. இரண்டும் உண்மை. நர்ஸ் டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வேறு இருக்கிறதாம், அதனாலும் இருக்கலாமாம். இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது? அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே!

இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 15, சனி

நாலாம் வார்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐம்பது வயதிருக்கும். தபால் பிரிக்கும் இடத்தில் வேலையாம், பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ராத்திரி பகலா நின்னு பிரிச்சிருக்கேன், ஒரு நாள் லீவு போட்டதில்ல. இப்ப பாருங்க, இவ்வளவு பெரிய ஓட்டையோட படுத்துக் கிடக்கேன்." என்னைப் பார்த்து, "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடுங்களேன்" என்றார். நான் சிஸ்டர் இல்லை. ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குடித்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

ஒரே ஒரு ஆள். நாற்பது பேர் இல்லை, மைக் இல்லை, மேசை இல்லை. வாயைத் திறந்தேன். "வேற ஏதாவது வேணுமா?" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று கூட்டம். வயிற்றுவலி என்று லீவு போட்டேன். வயிறு வலிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டாம் எண்ணில் 'பயன்படுத்தாதீர்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். மதியத்துக்குள் தலைமை நர்ஸ் வந்து கழற்றிவிட்டார். யார் உத்தரவு என்று கேட்டார். யார் உத்தரவும் இல்லை. இனி இரண்டாம் எண்ணில் எது வந்தாலும் நானே தொட்டுப் பார்ப்பேன், ஈரமென்றால் மேலே படுத்திருப்பது யாராக இருந்தாலும் அனுப்ப மாட்டேன். ரேடியோவிடம் சொன்னேன். ஃபேன் ஸ்விட்சில் டேப் ஒட்டிவிட்டேன். அவன் பேசாமல் போனான். அவன் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

மார்ச் 22, சனி

நாத்தனாரின் வேலை இது. எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். என் வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியே. வீட்டில் நானும் இவளும்தான், நடந்தது எல்லாம் இவளிடம் சொல்லியாயிற்று. துணி கொடுக்க வந்த யாரோ 'மேடைப் பேச்சுப் பயிற்சி' என்று ஒரு துண்டுத்தாள் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணி, போய்த்தான் பாருங்களேன். என்ன, உங்களப் பேச வச்சுக் கொன்னா போட்டுடுவாங்க?"

போனேன். டியூஷன் நடக்கும் ஒரு மாடி அறை. பதினோரு பேர். மாஸ்டர் கோட்டுப் போட்டிருந்தார், மேலே ஃபேன்கூட ஓடவில்லை. "உங்களுக்குள்ள ஒரு சிங்கம் தூங்குது!" என்றார். எனக்குள் தூங்குவது எதுவோ, அது எழுந்தாலும் சிங்கமாக இருக்காது. எல்லாரும் கண்ணாடி முன் நின்று, "நான் அஞ்ச மாட்டேன், என்னால் முடியும்" என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். என் பக்கத்தில் கல்யாணத் தரகர் ஒருவர், அப்புறம் ஒரு வங்கி குமாஸ்தா. மூன்று பேரும் ஒரே கண்ணாடியில் முண்டியடித்துக்கொண்டு அஞ்ச மாட்டோம் என்றோம். தரகருக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குத் தொழிலே பேச்சுத்தானே, ஏன் வந்தார் என்று கேட்டேன். "ஒருத்தர் ரெண்டு பேருன்னா பேசிடுவேம்மா. சபைன்னா செத்தேன்" என்றார். அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று.

என் முறை வந்ததும் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். பெயர் சொன்னதற்குக் கைதட்டல். நாற்பத்தோரு வயதில்.

ஏப்ரல் 5, சனி

மூன்றாவது வகுப்பு. 'எனக்குப் பிடித்த பழம்' பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். எப்படியோ முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் தோன்றியது: நாலாம் வார்டில் ஒரு பொம்பளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் இங்கே மாம்பழம் இனிக்கும் என்று கைவீசிப் பேசிக்கொண்டிருக்கிறேன். நல்லா இருக்குடி உன் முன்னேற்றம்.

ஏப்ரல் 9, புதன்

நாத்தனார் முன்னால் பேசிப் பார்த்தேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று தாளைப் பார்த்து ஆரம்பித்தேன். "மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களே, நமது பிரிவின் பணி மிகவும் சிறப்பானது. ஆவிக்கலன்கள் இரண்டு உள்ளன..." பாதியில் மிஷினை நிறுத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி செருகும் சின்ன மெத்தையில் குத்தினாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பயப்படுறது அந்த நாப்பது பேருக்கு இல்ல."

"பின்னே?"

"அன்னைக்கு எல்லாம் சரின்னு சொன்னீங்களே, அதைச் சொல்லணுமேன்னு பயம். அதை விட்டுட்டு மிஷின் ரெண்டு இருக்கு, மூணு இருக்குன்னு பூசி மெழுகிட்டிருக்கீங்க. நான் ஒரு சட்டைய மாத்தித் தைக்கணும்னா மொதல்ல தப்பாப் போட்ட தையலப் பிரிச்சிடுவேன். அதை வச்சுக்கிட்டே மேல மேல தச்சா இழுத்துக்கிட்டுத்தான் நிக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! நீ என்ன பெரிய இவளா, எட்டாம் கிளாஸோட நின்னவ எனக்குச் சொல்ல வந்துட்டியா என்று கத்திவிட்டேன். கத்தும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவளும் கவனித்திருப்பாள். மறுபடி ஊசியைக் கவ்விக்கொண்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க, டீ போடுங்க" என்றாள்.

தாள்களைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒரே ஒரு வரி எழுதினேன். அதுதான் முதல் வரி.

ஏப்ரல் 21, திங்கள்

கூட்டம் இல்லை. பெரிய டாக்டர் வெளியூர். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மட்டும் போய் நின்றேன். காலி அறை. வந்ததற்கு என்று மைக் முன்னால் நின்று முழுவதையும் பேசினேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நாற்காலிகளுக்கு நான் அருமையான பேச்சாளி.

மே 3, சனி

நாலாம் வார்டு அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் முழுக்க மூடவில்லை, வாரம் இரண்டு தடவை வந்து கட்டு மாற்ற வேண்டுமாம். வேலைக்குப் போக முடியாதாம், நின்றுகொண்டே செய்யும் வேலை. வார்டுப் பையன் யாரோ படிக்கட்டில் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

மே 19, திங்கள்

பேசிவிட்டேன்.

என் முறை வந்தது. எழுந்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. மாஸ்டர் சொன்ன மூச்சுப்பயிற்சி எல்லாம் எங்கே போயிற்றோ. மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த முதல் வரியைச் சொன்னேன்: "பிப்ரவரி மாசம் இதே இடத்துல நின்னு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். அது பொய்."

அந்த வரி வெளியே வந்ததும் மீதி எல்லாம் தானாக வந்தது. மிஷின் எப்போதிலிருந்து ஈரமாகத் தருகிறது. ஈரமென்றால் என்ன ஆபத்து. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மூன்று செட்டை ஃபேனில் காயவைத்தது. லேபிளில் கையெழுத்துப் போட்டது. ரேடியோ பெயரைச் சொல்லவில்லை, நான் செய்தேன் என்றுதான் சொன்னேன். அந்த மூன்றில் ஒன்று நாலாம் வார்டு அம்மாவுக்குப் போனது. பன்னிரண்டு நிமிடம். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் என் குரல் எனக்கே கேட்டது; அறையின் அந்தக் கோடி வரை போய் முட்டியது. இப்படி ஒரு குரல் என்னிடம் இருந்ததா?

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு பெரிய விஷயத்த ஏம்மா எழுத்து மூலமா குடுக்கல?"

"நாலு தடவ குடுத்தேன், சார்."

இன்ஜினியர் கூரையில் எதையோ தேடினார்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு டாக்டர்கள் வந்து கைகுலுக்கினார்கள். "பிரமாதமா பேசினீங்க. டிரெய்னிங் எடுத்தீங்களா?" பேசியது என்ன என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய டாக்டர் மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், கத்தவில்லை. "நீங்க சொன்னது சரி. மிஷின நிறுத்தச் சொல்லிட்டேன். ஆனா இது இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கட்டும். அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, வேற காரணம்கூட இருக்கலாம். தேவையில்லாம அவங்க மனசக் குழப்ப வேண்டாம், என்ன?"

நான் தலையாட்டினேன்.

பன்னிரண்டு நிமிடம் பேசிய வாய். அப்போது எங்கே போயிற்று?

மே 23, வெள்ளி

மிஷின் சரியாகிவிட்டது. கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து காற்றை உள்ளே விட்டதாம். இன்ஜினியர் மாற்றினார். நாற்பது நிமிடம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய வளையத்தைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். நாற்பது நிமிட வேலை.

ஜூன் 2, திங்கள்

மாற்றல் உத்தரவு. 'சிறந்த பேச்சாற்றலைக் கருத்தில் கொண்டு' என்னை முன்வாசல் விசாரணைக் கவுண்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். கருவி அறைப் பக்கம் இனி எனக்கு வேலை இல்லை. பதிவேட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கீழே இன்சார்ஜ் யார்? ரேடியோ!

அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. "அக்கா, நான் கேட்கலக்கா, சத்தியமா" என்றான். தெரியுமடா. கூட்டத்தில் நீ எவ்வளவு பேசினாலும் ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று அவர்களுக்கும் தெரியும். ஃபேன் ஸ்விட்சில் நான் ஒட்டிய டேப்பை எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் கெட்டவன் இல்லை.

நாத்தனார் உத்தரவைப் படித்துவிட்டு, "அடப்பாவிகளா, பாராட்டியே கவுத்துட்டாங்களே" என்றாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 14, சனி

மாஸ்டருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. புது வகுப்புக்கு நான் வந்து 'பயத்தை வென்ற கதை' சொல்ல வேண்டுமாம். துண்டுத்தாளில் என் படம் போடுவாராம். "நீங்கதான் மேடம் என் சாதனை!" என்றார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். வென்ற கதையில் இன்னொரு ஆளும் இருக்கிறார், அவருக்கு இன்னும் கட்டு மாற்றுகிறார்கள் என்று சொல்லலாம்தான். நேரமில்லை என்றேன். பார், மறுபடியும் சின்ன வார்த்தை.

ஜூலை 1, செவ்வாய்

கவுண்டரில் ஒரு மாதம் முடிந்தது. காலையிலிருந்து மைக்கில் எண் கூப்பிடுகிறேன், வழி சொல்கிறேன், சண்டை தீர்க்கிறேன். கூடத்தில் எந்நேரமும் இருநூறு பேர். பயமா? வெண்டைக்காய் நறுக்குவது போல் வருகிறது. பக்கத்துக் கவுண்டர் பெண் நேற்று, "உங்கள மாதிரி பேச்சு எனக்கு வராதுக்கா, பிறவியிலேயே வரணும்" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றேன். சும்மா தன்னடக்கம் என்று சிரித்தாள்.

ஜூலை 10, வியாழன்

அந்தம்மா வந்தார்.

செவ்வாயும் வெள்ளியும்தான் கட்டு மாற்ற வருவார், பின்வாசல் வழியாக. இன்று டாக்டரைப் பார்க்க முன்வாசலில் வந்து எண் வாங்கி உட்கார்ந்திருந்தார். நான் உடனே பார்த்துவிட்டேன். இளைத்துப் போயிருந்தார். உட்காரும்போது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எண் கூப்பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. நான் தலையாட்டியதும் ஞாபகம் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அவர் எண் வந்தது. கவுண்டருக்கு வந்து எந்த மாடி என்று கேட்டார். பக்கத்துப் பெண்ணிடம் மைக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தூண் ஓரமாக இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் பண்ணின கருவி சரியா சுத்தமாகல. ஈரமா வந்துச்சு. ஃபேன்ல காயவச்சு அனுப்பினோம். லேபிள்ல கையெழுத்து என்னோடது. உங்க காயம் ஆறாம போனதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்."

ஒரு தடவை சொன்னது போதாதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தேதி, மிஷின் எண், பதிவேட்டுப் பக்கம், எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். கொடுத்தேன். பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

சீட்டை நிதானமாகப் படித்தார். தபால் பிரிப்பவர் இல்லையா, முகவரி பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"மிஷின் சரியில்லன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"உங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரியும்மா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்றதுக்குத்தான் கூட்டத்துல எழுந்தேன். சொல்ல முடியல. எனக்கு நாலு பேர் முன்னாடி பேசப் பயம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கவுண்டரில் இருந்த மைக்கைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில், அசதிதான் இருந்தது.

"ஒரு மணி நேரமா இங்க உட்கார்ந்து உங்க குரலத்தாம்மா கேட்டுட்டிருக்கேன். இத்தன பேரக் கட்டி மேய்க்கிறீங்க. பயமாம்." சீட்டை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதுலயாவது பொய் சொல்லாதீங்க."

லிஃப்ட் மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கவுண்டருக்குப் போய் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். குரல் தடுமாறவே இல்லை.